மேலே ஒருவர் இருக்கிறார்

நெடுமுடி நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டுக்காரர்கள் அதிகம் பேசாதவர்கள் என்பதால் அண்டை நாட்டாருக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அங்கே ஆள்பவரை நாயகர் என்பார்கள். தேர்தல் ஆண்டில் மன்றத்து வாசலில் ஒரு மண்குடம் வைக்கப்படும். வயது வந்த ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியவர் பெயரை எழுதிய ஓலை நறுக்கைத் தம் கையால் அதில் போட வேண்டும். கடைசி ஆள் போடும்வரை குடத்தைத் திறக்கக் கூடாது. ஒருமுறை கடலில் இருந்த ஒரு மீனவனுக்காக நாடே காத்துக் கிடந்தது; அவன் கரையேறியதும் ஈர வேட்டியோடு தூக்கி வந்தார்கள். ஒருவரைக்கூட விட்டுவிட்டு முடிவெடுக்காத நாடு என்று அவர்களுக்குப் பெருமை. குடம் திறக்கும்வரை பழைய நாயகரே ஆள்வார். இதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று, நல்லவர்கள் ஆண்ட காலமெல்லாம் யாரும் யோசிக்கவில்லை.

குடம் வைத்த அதே வாரத்தில் ஆவுடை என்ற பெண் விண்கலத்தில் ஏறி வானத்துக்குப் போனாள்.

அவளோடு தரையிலிருந்து பேசும் வேலை தங்கை பிரமுவுக்குக் கிடைத்தது. இருவருக்கும் ஒரே குரல். அடுக்களையிலிருந்து கேட்டால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. நாட்டிலேயே ஓலை போடாமல் இருந்தவர்கள் இவர்கள் இருவர்தான். அக்கா இறங்கியதும் சேர்ந்து போய்ப் போடலாம் என்று பிரமு தன் ஓலையை எடுத்து வைத்திருந்தாள்.

முதல் நாள் அந்தி மயங்கும் வேளையில் கலம் ஒளிப்புள்ளியாகத் தலைக்கு மேலே கடந்து போனது. உப்பளத்தில் வாரிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். சந்தையில் தராசு பாதியில் தொங்கியது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. தம்மில் ஒருத்தி அங்கே இருக்கிறாள் என்ற எண்ணம் எல்லோரையும் ஒரே நேரத்தில் தொட்டது. பிரமு தன் வாழ்நாளில் அப்படியொரு மௌனத்தைக் கேட்டதில்லை. பின்னால் நடந்த எதுவும் அந்த மௌனத்தைப் பொய்யாக்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆறாத வருத்தம்.

"ஏட்டி பிரமு, கேக்குதா?"

"கேக்குதுக்கா. சாப்பிட்டியா?"

"ட்யூப்ல என்னத்தையோ அடைச்சுக் குடுத்திருக்கான். மேல சோறுன்னு எழுதியிருக்கு. நம்பித்தான் திங்கணும்."

சிறிது நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு அக்காவின் குரல் இறங்கி ஒலித்தது.

"நம்ம குளமெல்லாம் ரொம்பிக் கெடக்குன்னு நாயகர் சொன்னாருல்லா? ஒண்ணுலயும் தண்ணி இல்லட்டி. இங்கேருந்து பாத்தா வரிசையா வெள்ளையாத் தெரியுது. சுட்ட எலும்பு மாதிரி."

இது ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டது. மறுநாள் வான்துறை அமைச்சர் வேலாண்டியப்பர் அறிக்கை விட்டார்: உயரத்திலிருந்து பார்த்தால் நீர் வெள்ளையாகவே தெரியும்; இது அறிவியல். அதன்பிறகு ஆவுடை பேசியதில் 'நலமாக இருக்கிறேன்' என்ற சொற்கள் மட்டும் ஒலிபெருக்கிக்குப் போயின.

இறங்க வேண்டிய நாள் வந்தது. இறக்கவில்லை.

"எப்ப எறக்குவீங்கய்யா?" என்று பிரமு அமைச்சரைக் கேட்டாள்.

"அம்மா, இறங்குவது யாராலும் முடியும். மேலே இருப்பதுதான் சாதனை. சாதனையை நாமே முடித்து வைக்கலாமா?"

அந்த வாரமே தலைநிமிர் சட்டம் வந்தது. வானத்தில் ஒருத்தி உயிரைப் பணயம் வைத்திருக்கும்போது குடிமக்கள் தரையைப் பார்த்து நடப்பது அவமதிப்பு. எல்லோரும் அண்ணாந்து நடந்தார்கள். சாக்கடையில் விழுந்தவர்களுக்குத் தியாகிப் பட்டம் தரப்பட்டது. பிறகு விளக்குத் தடை வந்தது. கலம் தெளிவாகத் தெரிய வேண்டுமாம். இருட்டில் களஞ்சியங்கள் கொள்ளை போயின. புகார் கொடுக்கப் போனவர்களிடம், வீராங்கனை திரும்பும்வரை தரை சம்பந்தமான குறைகள் ஏற்கப்படமாட்டா என்றார்கள்.

"நாயகரே, குடம் எப்போது திறக்கும்?" என்று மன்றத்தில் யாரோ கேட்டார்கள்.

நாயகர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "மேலே ஒருவர் இருக்கிறார். அந்த வீரமகளை விட்டுவிட்டுத் திறக்கவா சொல்கிறீர்கள்? நம் முன்னோர் ஒரு மீனவனுக்காகக் காத்தவர்கள்."

சபை கைதட்டியது. கேட்டவரும் வெட்கப்பட்டுக் கைதட்டினார்.

ஆவுடையின் குரல் நாளுக்கு நாள் மெலிந்தது.

"காத்து புளிச்ச வாடை அடிக்கு பிரமு. தலைய வலிக்கு."

"சொல்லுதேன்க்கா. தெனமும் சொல்லுதேன்."

"அவங்க கேக்காங்களா?"

பிரமு மூக்கை உறிஞ்சினாள்.

"சரி, அழாத. ஓலை போட்டுட்டியா?"

"நீ வந்ததும் சேந்து போடலாம்னு வச்சிருக்கேன்."

"எனக்கும் சேத்து எழுதி வையி. யாருக்குன்னு ஒனக்குத் தெரியும்."

"நீ வந்து எழுதுக்கா."

மேலேயிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. மறுநாள் அதுவும் வரவில்லை.

அமைச்சர் பேச்சறைக்கே வந்துவிட்டார். "கருவிக் கோளாறுதான். இன்று மாலை குரல் கேட்காவிட்டால் மக்கள் பதறுவார்கள். என் ஆட்கள் எல்லோரும் கூட்டத்தை அடக்கப் போய்விட்டால் கலத்தைப் பத்திரமாக இறக்குவது யார்? நீங்கள் இரண்டு வார்த்தை பேசுங்கள். அதற்குள் இறக்கிவிடுகிறோம்."

அக்கா உயிரோடு வந்துவிடுவாள் என்றால் எதையும் சொல்லலாம் என்று பிரமுவுக்குத் தோன்றியது. பேசினாள். "நலமாக இருக்கிறேன்." ஊர் ஆர்ப்பரித்தது. அடுத்த மாலையும் பேசச் சொன்னார்கள். அதற்கடுத்த மாலையும்.

ஒருநாள் வான்தளத்துப் பொறியாளரை வழிமறித்து, "கலத்த எப்ப எறக்குதீங்க?" என்று கேட்டாள். அவர் சட்டப்படி அண்ணாந்தே நின்றிருந்தார். அது அவருக்கு வசதியாகவும் இருந்தது.

"அதுல காத்து தீந்து எத்தன நாளாச்சும்மா. ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்."

பிரமு நேரே மன்றத்து வாசலுக்குப் போனாள். குடத்தருகே காவலரும் அமைச்சரும் இருந்தார்கள். சுற்றிலும் கூட்டம் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

"எங்க அக்கா செத்துப் போனா. பேர அடிச்சிட்டுக் குடத்தத் தொறங்க."

"நேற்று மாலைகூடப் பேசினாரே?" என்றார் காவலர்.

"அது நான் பேசுனது."

"அது ஆவுடையின் குரல்தான் என்று அரசு சான்றளித்திருக்கிறது. அரசின் சான்றை நீங்கள் மறுக்கிறீர்களா?"

பிரமு குடத்தையும் அண்ணாந்து நின்ற கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அமைச்சர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

"இல்ல. மறுக்கல," என்றாள் கடைசியில். "நேத்து பேசுனது ஆவுடைதான். அந்தக் குரல்தான் இது. கேட்டுக்கோங்க: நலமாக இருக்கிறேன். நான்தான் ஆவுடை. எறங்கி வந்துட்டேன்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. குரலை எல்லோருக்கும் தெரியும். யாரோ அழுதார்கள். காவலர் அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் கண்ணை மூடி யோசித்தார். பிறகு மாலை கொண்டுவரச் சொன்னார். தாமே அதை அவள் கழுத்தில் போட்டார். அக்கா கேட்டிருந்த பெயரை எழுதி, அவள் ஓர் ஓலையைக் குடத்தில் இட்டாள்.

"இனித் தொறங்க."

"திறக்கலாம்," என்றார் அமைச்சர் பணிவாக. "இன்னும் ஒரே ஒருவர்தான் பாக்கி. உங்கள் தங்கை."

"என்ன?"

"பிரமு. அவர் இன்னும் ஓலை போடவில்லை. எங்கே அவர்?"

அவள் வாயைத் திறந்தாள். கழுத்தில் மாலை கனத்தது. இப்போது சொல்வதற்கு அவளிடம் எந்தப் பெயரும் இல்லை.

அமைச்சர் கூட்டத்தை நோக்கித் திரும்பினார். "பாசத்தைப் பாருங்கள், மக்களே! அக்காவை அழைத்து வர, இன்று காலை யாருக்கும் தெரியாமல் இரண்டாம் கலத்தில் பிரமு புறப்பட்டிருக்கிறார். அவர் திரும்பும்வரை நாம் காத்திருப்போம்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் பிடித்தது. அந்தி இறங்கியதும் ஒலிபெருக்கி இரைந்தது.

"பிரமு பேசுதேன். நலமாக இருக்கிறேன்."

யாரோ ஒரு பெண். பிரமுவைப் போலப் பேச நன்றாகப் பழகியிருந்தாள்.

மன்றத்துப் படியில் பிரமு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கமாக வந்த உப்பளத்துக்காரி ஒருத்தி, சட்டத்தையும் மீறித் தலையைத் தாழ்த்தி அவளைப் பார்த்தாள். அருகே வந்து தோளைத் தொட்டாள்.

"அழாதீங்கம்மா," என்றாள். "நீங்க வந்துட்டீங்கல்லா? ஒங்க தங்கச்சியும் வந்துருவா."