திறமை இல்லாத குடித்தனம்

அன்பும் வணக்கமும் நிறைந்த அப்பாவுக்கு, உங்கள் மகள் எழுதுவது.

உங்கள் கடிதம் வந்து இருபத்து மூன்று நாள் ஆகிறது. பதில் போடாததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் சுகமா என்று கேட்டிருந்தீர்கள். உடம்பைப் பொறுத்தவரை மூவரும் சுகம். உங்கள் பேத்தி சுண்டெலிக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது, கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாள், என்னையும் சேர்த்து. மற்ற சுகத்தை இதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அம்மா ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்ட பிறகு அவளுக்குப் படித்துக் காட்டுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

எங்கள் வீட்டு ஓனரை உங்களுக்கு நினைவிருக்கும். முப்பது வருஷம் சிமென்ட் வியாபாரம் செய்தவர். நாங்கள் வீடு கேட்டுப் போனபோது மூன்றே கேள்வி கேட்டார். நிரந்தர உத்தியோகமா, குடிப்பழக்கம் உண்டா, வீட்டில் பாட்டு, மேளம் என்று ஏதாவது சத்தம் வருமா. இவர் ஆமாம், இல்லை, இல்லை என்றார், அன்றைக்கே சாவி கைக்கு வந்தது. நீங்கள்கூட போனில், "பொண்ணு கொடுக்கும்போது நானும் அதே மூணு கேள்விதாம்மா கேட்டேன்" என்று பெருமைப்பட்டீர்கள். அந்த மனுஷன் மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதோ கட்டட உரிமையாளர் கூட்டத்துக்குப் போய்விட்டு, கழுத்தில் மாட்டிய அட்டையைக்கூடக் கழற்றாமல் நேரே எங்கள் வாசலில் வந்து நின்றார். அங்கே யாரோ ஒருவர் பேசினாராம், ஊர் வளர்வது சிமென்டால் இல்லை, திறமையால்தான் என்று. ஓவியம் வரைகிறவன், வாத்தியம் வாசிக்கிறவன், புதிதாக எதையாவது யோசிக்கிறவன் எந்தத் தெருவில் குடியேறுகிறானோ அந்தத் தெருவைத் தேடி கடை வரும், கடையைத் தேடி ஜனம் வரும், ஜனத்தைத் தேடிப் பணம் வரும் என்று படம் போட்டுக் காட்டினாராம். சிமென்டால் இல்லை என்றது ஓனருக்கு நெஞ்சில் தைத்துவிட்டது போல.

"ஏம்மா, உங்க வீட்டுல அவர் என்ன பண்றார்?" என்றார்.

"எடை அளவு ஆபீஸ் சார். கடைத் தராசெல்லாம் சரியா இருக்கான்னு பார்ப்பார்."

"அது தெரியும். வேற?"

"வேற ஒண்ணுமே பண்ண மாட்டார் சார்" என்றேன், நல்ல பெயர் வாங்கித் தருகிற நினைப்பில்.

ஓனர் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் மாதிரி பெருமூச்சு விட்டார். "இது போதாதேம்மா" என்றார்.

அப்பா, இனிமேல் இந்தக் கட்டடத்தில் திறமை உள்ளவர்களுக்கு மட்டும்தான் இடமாம். மாதத்தின் முதல் ஞாயிறு சாயந்திரம் மொட்டை மாடியில் ஒவ்வொரு குடித்தனமும் ஏதாவது செய்து காட்ட வேண்டுமாம், காட்ட முடியாதவர்கள் அடுத்த மாதம் காலி செய்ய வேண்டுமாம். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் மாடியில் இருந்த கணக்கு வாத்தியார் குடும்பத்தை, பன்னிரண்டு வருஷமாக ஒரு நாள் தவறாமல் ஒன்றாம் தேதி வாடகை கொடுத்த குடும்பத்தை, மரியாதையாகப் பேசி அனுப்பிவிட்டு அந்த வீட்டைப் பாதி வாடகைக்கு ஒரு டிரம்ஸ்காரருக்குக் கொடுத்தார். கீழே ஒரு சிற்பி வந்தார். பழைய இரும்பை ஒட்டவைத்துச் சிலை செய்கிறவர். வந்த மூன்றாம் நாளே மாடிப்படிக்கு அடியில் நாங்கள் வைத்திருந்த சுண்டெலியின் மூன்று சக்கர வண்டி காணாமல் போய், நான்காம் நாள் வாசலில் 'காலம்' என்ற பெயரில் ஆறடி உயரத்துக்கு நின்றது. குழந்தை அதன் உச்சியில் தன் வண்டியின் மணியைப் பார்த்துவிட்டு, ஏற்றி விடச் சொல்லிப் புரண்டு புரண்டு அழுகிறாள். சிற்பியோ என் கையைப் பிடிக்காத குறையாக, "அக்கா, என் சிலையைப் பார்த்து மனசார அழுத முதல் ஆள் உங்க பொண்ணுதான்" என்கிறார்.

வேறு வீடு பார்த்துக்கொண்டு போகலாமே என்பீர்கள். குழந்தைகள் காப்பகம் இரண்டு வாசல் தள்ளி இருக்கிறது அப்பா. சுண்டெலி அங்கே அழாமல் உட்காரப் பதினான்கு நாள் ஆயிற்று, அந்தப் பதினான்கு நாளும் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்திக்கொண்டவர்களைவிட நான்தான் அதிகம் அழுதேன். வீடு மாறினால் காப்பகம் மாறும், காப்பகம் மாறினால் என் அரை நாள் வேலையும் போகும். அதனால் எங்களில் யாருக்காவது திறமை வந்தே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தோம். முதலில் நான் முயன்றேன். கல்லூரியில் தவளையின் உள்ளுறுப்பெல்லாம் வரைந்து பாராட்டு வாங்கியவள்தானே என்று ஓனரையே படமாக வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்கும்மா. இது என்ன மீனு?" என்றார். படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கெடு ஞாயிறும் வந்தது. மாடியில் நாற்பது நாற்காலி. டிரம்ஸ்காரர் வாசித்த வாசிப்பில் தண்ணீர்த் தொட்டி மூடி தானாக நகர்ந்தது. சிற்பி கண்ணை மூடிக்கொண்டு 'காலம்' பற்றிப் பேசினார். பிறகு ஓனர், "தராசு சார், வாங்க" என்றார். இவர் எழுந்தார். வாயைத் திறந்தால் எடை, அளவு தவிர எதுவும் வராத மனுஷன், சட்டைப்பையிலிருந்து ஆபீஸ் நோட்டை எடுத்தார். பதினோரு வருஷமாகத் தராசு தப்பாக இருந்த கடைக்காரர்கள் சொன்ன காரணங்களை வரிசையாகப் படித்தார், அவ்வளவுதான். ஒரு கறிக்கடைக்காரர், "தராசு உண்மையைத்தான் சார் சொல்லுது, கறிதான் பொய் சொல்லுது" என்றாராம். தக்காளி விற்கிற அம்மா, "நான் பெருமூச்சு விட்டேன்யா, அது தட்டுல உக்காந்துடுச்சு" என்றாராம். ஒரு நகைக்கடை முதலாளி, "எங்க அப்பாவும் தாத்தாவும் கைராசிக்காரங்க சார், அவங்க கை இன்னும் தராசுமேலயே இருக்கு" என்றாராம். இவர் சிரிக்கவே இல்லை, ரசீது படிக்கிற குரலில் படிக்கிறார், ஜனம் நாற்காலியிலிருந்து நழுவுகிறது. ஓனர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யோவ், இத்தனை நாள் இதை எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தே?" என்றார். "ஃபைல்ல சார்" என்றார் இவர். அதற்கும் சிரித்தார்கள். ஏழு வருஷம் குடித்தனம் நடத்துகிறேன் அப்பா, ஒரு தடவைகூட இவர் என்னைச் சிரிக்கவைத்தது கிடையாது. நான்தான் நாற்காலிகளுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தேன், பயத்திலா எதனாலா என்று எனக்கே தெரியவில்லை.

இன்னொரு அதிர்ச்சி, அந்தக் கூட்டத்தில் பேசியவர் சொன்னதெல்லாம் நடக்கிறது. ஓனர் நிகழ்ச்சியை ஞாயிறுதோறும் வைக்க ஆரம்பித்தார், அடுத்த ஞாயிறே பக்கத்துத் தெருக்காரர்கள் வந்தார்கள். டீக்கடைக்காரர் இரண்டாவது பாய்லர் வைத்தார். இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்த அச்சுக்கடை திறந்து நிகழ்ச்சி நோட்டீஸ் அடிக்கிறது. முனையில் ஆட்டோ நிற்க ஆரம்பித்திருக்கிறது. எரியாத தெருவிளக்கு எரிகிறது, யார் வந்து போட்டார்கள் என்றே தெரியவில்லை. டிரம்ஸ்காரர் இவர் படிக்கிற ஒவ்வொரு காரணத்துக்கும் நடுவில் ஒரு தட்டு தட்டுகிறார், அதற்காக இரண்டு பேரும் சாயந்திரமெல்லாம் எங்கள் கூடத்தில்தான் பயிற்சி. சுண்டெலியும் கரண்டியால் தட்டுகிறாள். எனக்கு ஒரே கவலை, இவர் ஷேவ் செய்யும்போது தனியாகப் புன்னகைக்கிறார். முன்பெல்லாம் அந்தப் பழக்கம் கிடையாது. கேட்டால், "ஒண்ணுமில்ல, ஒரு வரி தோணுச்சு" என்கிறார்.

எப்படியோ வீடு தங்கிற்று. ஆகவே எப்போது வேண்டுமானாலும் வந்து தங்கலாம் என்று நீங்கள் கடிதத்தில் எழுதியிருந்த பின்பக்க அறை எங்களுக்குத் தேவைப்படாது. வீணாகப் பூட்டி வைக்காமல் நல்ல குடித்தனமாகப் பார்த்து வாடகைக்கு விட்டுவிடுங்கள். எங்களை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அம்மாவுக்கு என் முத்தம், உங்களுக்குச் சுண்டெலியின் கடி. உங்கள் ஆசி ஒன்று எங்களோடு இருந்தால் போதும், மற்றதை உங்கள் மாப்பிள்ளையின் நிரந்தர உத்தியோகம் பார்த்துக்கொள்ளும்.

உங்கள் பாதம் பணியும்
மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் ஓனர் வந்தார். தெரு இப்போது எங்கேயோ போய்விட்டதாம், வாடகையை மூன்று மடங்கு ஆக்கியிருக்கிறார். டிரம்ஸ்காரரும் சிற்பியும் அவ்வளவு எங்கே கொடுக்கப் போகிறார்கள், மாதக் கடைசிக்குள் காலி செய்கிறார்கள். "ரெண்டு மாசம் வாசலை அடைச்சதுதான் மிச்சம், இனிமே மாசச் சம்பளக்காரங்களுக்கு மட்டும்தாம்மா வீடு. உங்களுக்கென்ன, உங்க வீட்டுல நிரந்தர உத்தியோகம், பார்த்து வாடகையைக் குறைச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உயிர் வந்து இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் ஷேவ் செய்யும்போது செய்கிற அதே புன்னகையோடு, இன்று காலைதான் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். முழு நேரமும் இனிமேல் மேடைதானாம். ஆகவே பின்பக்க அறையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். மூன்று பேர் வருகிறோம், டிரம்ஸ்காரருக்கும் போக இடமில்லை, அவரையும் சேர்த்தால் நாலு. ஒரே ஒரு வேண்டுகோள். வந்து இறங்கியதும் மாப்பிள்ளையிடம் அந்தப் பழைய மூன்று கேள்வியை மறுபடி கேட்டுவிடாதீர்கள் அப்பா. குடிப்பதில்லை என்பது ஒன்றுதான் இப்போது பாக்கி இருக்கிறது.