யார் முதலில் குனிவது

தெஹியோவிட்ட,
வியாழக்கிழமை.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மச்சான் கஜேந்திரன் அவர்களுக்கு நாகலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே முருகன் புண்ணியத்தில் எல்லோரும் மழையில் நனைந்தபடி உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். வத்தளையில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் மனதளவிலும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

போன் இருக்க இந்த மனுசன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். வீட்டில் இருக்கிற ஒரே நல்ல போன் மகள் தனுஜாவுடையது. அதில் வாய்ஸ் அனுப்பினால் அவள் காதில்தான் முதலில் விழும். வாயால் பேசலாமென்றால் எங்கள் தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகளின் நடுச்சுவர் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்கட்டும் என்றே கட்டியது. விஷயம் இதுதான். என் மகள் ஜப்பானுக்குப் போகக் கூடாது. அங்கே அவள் பார்க்கப் போகும், வயதானவர்களைப் பராமரிக்கும் வேலையைக் குறை சொல்லவில்லை. அவிசாவளையில் ஜப்பான் பாஷை வகுப்பைக் கண்டுபிடித்து அவளைச் சேர்த்துவிட்டவர் நீங்கள்தான். தாய்மாமன் நீங்கள் வேண்டாம் என்றால் கேட்பாள். நான் சொன்னால், "அப்பா, தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்கிறாள்.

காரணம் சொல்கிறேன். போன மாதம் ஒருநாள் வகுப்பு முடிந்து வந்தவள் கண்ணாடிக்கு முன்னால் நின்று குனிவதும் நிமிர்வதுமாக இருந்தாள். இடுப்பு வலியா என்று கேட்டேன். "இல்லப்பா, வணக்கம் சொல்லப் பழகுறேன். தெரிஞ்சவங்களுக்குப் பதினஞ்சு பாகை, பெரியவங்களுக்கு முப்பது, மன்னிப்புக் கேக்க நாப்பத்தஞ்சு" என்றாள். மச்சான், எனக்குத் தலை சுற்றிவிட்டது. என் தாத்தா துரை பங்களா வாசலில் குனிந்தார். என் அப்பா ஆபீஸ் ஜன்னலில் குனிந்தார். நான் காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது குனிந்தேன். அந்தக் குனிவெல்லாம் என்னோடு போகட்டும் என்றுதான் இவளை ஏ.எல். பரீட்சை வரை படிக்க வைத்தேன். இவள் பஸ் பிடித்துப் போய்க் குனியப் படித்து வருகிறாள், அதுவும் அளவு வைத்து.

சரி, அந்த நாட்டைப் பற்றி நாலு விஷயம் தெரிந்துகொண்டே மறுப்போம் என்று, மழையால் ரப்பர் பால் வெட்டு நின்ற நாட்களில் அவள் போனை வாங்கிக்கொண்டு சிக்னல் நன்றாகக் கிடைக்கும் கோயில் மேட்டுக்கும் வீட்டுக்குமாக நடக்கத் தொடங்கினேன். ஒரு வீடியோவில் ரயில் கார்ட் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் போய்ப் பிரயாணிகளுக்குக் குனிகிறார், தூங்குகிறவனுக்கும் சேர்த்து. இன்னொன்றில் ஒருவர் போனில் பேசிக்கொண்டே, மறுபக்கம் இருக்கிற ஆளுக்குத் தெரியாது என்று தெரிந்தும் குனிகிறார். ஒரு பூங்காவில் மான் குனிகிறது. பிஸ்கட் கொடுத்தால் மறுபடியும் குனிகிறது. அந்த ஊரில் மானுக்கே தப்ப வழியில்லை என்று தனுஜாவிடம் சொன்னேன். "அங்க எல்லாரும் எல்லாருக்கும் குனிவாங்கப்பா. மொதலாளியும் குனிவாரு" என்றாள். எல்லாரும் குனிந்தால் குனிந்ததை யார் பார்ப்பது என்று கேட்டேன். முதலாளி குனிவாராம், நம்பச் சொல்கிறாள்.

நம்புவதற்கு முன் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று மறுநாள் தோட்டத்து ஆபீசுக்குப் போய், சின்னத்துரைக்கு முன்னால் முப்பது பாகை குனிந்து, அவரும் குனிகிறாரா என்று ஒரு கண்ணால் மேலே பார்த்தபடி நின்றேன். பையன் நல்லவர். பதறிப்போய், "கங்காணி, இடுப்பு புடிச்சுக்கிச்சா?" என்று கேட்டு டிஸ்பென்சரிக்குத் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். துரை கொடுத்த துண்டாயிற்றே என்று அங்கே நான் சொன்ன எதையும் கேட்காமல் பின்பக்கம் ஊசி போட்டு அனுப்பினார்கள். வெளியே வந்தால் தொழிற்சங்கத் தலைவர் நிற்கிறார். "சம்பளப் பேச்சு நடக்கிற நேரத்துல ஆபீஸ்ல போயி குனியிறீங்களாமே, என்னங்க கேட்டீங்க?" என்றார். ஜப்பானைப் பற்றி ஆராய்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அவிசாவளை பஸ்ஸில் டிக்கெட் தந்த கண்டக்டருக்கும் குனிந்தேன். "மொகத வெட்டுணே?" என்று சிங்களத்தில் கேட்டு, ஏதோ விழுந்துவிட்டதாக நினைத்து அவரும் குனிந்தார். அட, குனிகிறாரே என்று நான் சந்தோஷப்படுவதற்குள் பின்சீட்டுக்காரர்களும் குனிந்து சீட்டுக்கு அடியில் தேடத் தொடங்கினார்கள். கடைசியில் யாருடையதோ ஒரு குடைப்பிடியை எடுத்து என் கையில் வைத்தார்கள். "பொஹொம ஸ்துதி" என்று நன்றி சொல்லிப் பழக்கதோஷத்தில் மறுபடியும் குனிந்துவிட்டேன். அவர்கள் மறுபடியும் தேடினார்கள்.

சிரிக்காதீர்கள் மச்சான். நான் மரியாதைக்குக் குனிந்தேன் என்று இங்கே ஒருத்தருக்கும் புரியவில்லை, திருப்பி ஒருத்தரும் குனியவுமில்லை. அங்கேயும் என் பிள்ளைக்கு இதே கதி என்றால்? நாங்கள் பக்கத்தில் இல்லாத ஊரில் அவள் மட்டும் குனிந்து நின்றால், அதை நான் எந்த வீடியோவில் பார்ப்பது? பயமாக இருக்கிறது. உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை, படுத்தால் எழும்பத் தோன்றுகிறது. "இப்படி நடந்தா நெலம் தேஞ்சிரும்" என்கிறாள் உங்கள் அக்கா. அவளும் அடுப்படியில் ஒரே பாத்திரத்தை மூன்று முறை கழுவுகிறாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்து, நான் சொல்லிக் கொடுத்ததாகக் காட்டிக்கொள்ளாமல், போக வேண்டாம் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் நன்றாகப் படித்து நிமிர்ந்து நடக்க மாரியம்மன் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
இனி எவருக்கும் குனியாத,
உங்கள் மச்சான்
நாகலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் தனுஜாவை நேர்முகம் பார்க்க ஜப்பானில் அவள் வேலை செய்யப் போகும் முதியோர் இல்லத்தின் முதலாளி அம்மா வீடியோவில் வந்துவிட்டார். இடுப்பில் கட்டிய சாரத்தோடு நின்ற நான் ஒதுங்கப் போனேன். என்னைக் கண்டதும் அந்த அம்மா நாற்காலியை விட்டு எழுந்து குனிந்தார். தனுஜாவுக்கு இல்லை, எனக்கு. நானும் குனிந்தேன். அவர் நிமிரட்டும் என்று காத்திருந்தேன், அவர் நிமிரவேயில்லை. நானும் விடவில்லை. "அப்பா, நெட் நின்னுபோச்சு, நிமிருங்க" என்றாள் மகள். சிக்னல் திரும்பியதும் அந்த அம்மா ஏதோ கேட்டார். "ஒங்க மகள எங்ககிட்ட அனுப்ப ஒங்களுக்கு முழுச் சம்மதமான்னு கேக்குறாங்கப்பா" என்றாள் தனுஜா. மச்சான், இந்தத் தோட்டத்தில் பிறந்த நாளிலிருந்து என் சம்மதத்தை யாரும் எதற்கும் கேட்டதில்லை. சம்மதம் என்று தலையாட்டிவிட்டேன். ஆகவே மேலே எழுதியதைப் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள். அவள் பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டாள். அவளைத் தடுக்க வேண்டாம், என்னைக் கொஞ்ச நேரம் பிடித்து உட்கார வைக்க ஒரு ஆள் வேண்டும்.