எட்டுக் குதிரை எஞ்சின்

"இது கனம்" என்றாள் மனைவி.

எஞ்சின் கடையில் படகுக்காரர் கை வைத்த மூன்றாவது எஞ்சின் அது. முதல் இரண்டுக்கும் இதே தீர்ப்புதான்.

"பதினஞ்சு குதிரைசக்தின்னா கனமாத்தான் இருக்கும். இதைத் தூக்கப்போறது நீயா?"

"பின்ன, நீங்களா?"

கேள்வி நேராக அவருடைய வலது தோளில் போய் உட்கார்ந்தது. இனி எஞ்சினைக் கிளப்பக் கயிறு இழுத்தால் கை போய்விடும் என்று டாக்டர் சொல்லிப் பதினைந்து நாளாகிறது. வீட்டில் அவர் மூச்சு விடவில்லை. சொன்னால் படகை விற்கச் சொல்வாள். படகு போய்விட்டால் விடிந்ததும் அவர் எங்கே போவார்? பழைய எஞ்சின் இந்த நேரம் பார்த்தா சாக வேண்டும்! பெரிதாக ஒன்று வாங்கினால், ஆள் திடமாகத்தான் இருக்கிறார் என்று அவளாவது நம்புவாள்.

"இருபத்தஞ்சைக் காட்டுப்பா" என்றார் கடை மெக்கானிக்கிடம்.

"உங்க படகு தாங்காதுண்ணே. பின்பலகை பிளந்துடும்."

"பலகையை மாத்திக்கிறேன்."

"பின்பக்கம் அமுங்குமே?"

"முன்னால கல்லு வச்சுக்கிறேன்."

"அப்ப மீனை எங்கங்க வைப்பீங்க? மடியிலயா?" என்றாள் மனைவி.

வாயால் ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் அவர் இருபத்தைந்தை இரு கைகளாலும் பிடித்துத் தூக்கினார். எஞ்சின் அசையவில்லை. தோள் அசைந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பெட்ரோல் நெடி" என்று துடைத்துக்கொண்டார்.

"அதுல இன்னும் பெட்ரோலே ஊத்தலைண்ணே."

இதற்குள் மனைவி, தண்ணீர்த் தொட்டியில் சோதனைக்காக மாட்டியிருந்த எட்டுக் குதிரை எஞ்சினிடம் போயிருந்தாள். தொட்டியின் விளிம்பில் ஒரு காலை ஊன்றி, கயிற்றைச் சுண்டி இழுத்தாள். ஒரே இழுப்பு. எஞ்சின் உறுமியது. கைப்பிடியை இடமும் வலமும் திருப்பிப் பார்த்து எஞ்சினை நிறுத்தினாள்.

"இது போதும்."

"பொம்பளை இழுத்தாலே ஓடுற எஞ்சினை மாட்டிக்கிட்டு நான் எப்படிக் கரையில தலை காட்டறது?"

அவள் கை கழுவ வெளியே குழாயடிக்குப் போனாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நீயாவது சொல்லேன்பா. இத்தனை வருஷம் கடலுக்குப் போனவன், எனக்கு எது தோதுப்படும்னு எனக்குத் தெரியாதா?"

மெக்கானிக் ஆச்சரியமாகப் பார்த்தான்.

"உங்களுக்குத் தோதான்னு யாருண்ணே பார்த்தது? டாக்டர் உங்க தோளைப் பத்தி அண்ணிகிட்டச் சொன்ன மறுநாள்லேர்ந்து அவங்க இங்க வந்து ஓட்டிப் பழகுறாங்க. படகுல உங்களை எந்தப் பக்கம் உக்கார வச்சா தூக்கிப் போடாதுன்னு நேத்துதான் கேட்டுட்டுப் போனாங்க."