புளி போட்டுத் தேய்த்த எஞ்சின்

இயந்திரத்திற்கு மரியாதை கொடுத்துப் பேசிய மனிதர் இப்பூவுலகில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் கண்டனூரில் என் வீட்டிற்கு எதிர்வீட்டில் இருந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது ரேஷன் அட்டைக்கு மட்டுமே பயன்பட்டது. ஊரார் அனைவருக்கும் அவர் பிஸ்டனார்.

அறுபதுகளின் பிற்பகுதி அது. நான் புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் மூட்டைகளுக்கு எடை போட்டுக்கொண்டிருந்தேன். பிஸ்டனார், வெளிநாட்டில் வாழ்ந்த செட்டியார் ஒருவரின் மாளிகைக்குப் பொறுப்பாளர். திருமணம் என்றால்தான் அந்த வீட்டிற்கு மனிதர்கள் வருவார்கள். மற்ற நாட்களில் அத்தனை தூண்களுக்கும் பிஸ்டனாரும் அவர் மனைவியுமே துணை. பின்கட்டுக் கொட்டகையில், உலகச் சண்டைக் காலத்து வேன் ஒன்று துருவேறிக் கிடந்தது. "ஓட்ட முடிந்தால் நீரே வைத்துக்கொள்ளும்" என்று செட்டியார் கடிதம் எழுதினார். விளையாட்டாக எழுதினாரோ என்னவோ, பிஸ்டனார் அதை அரச ஆணையாக ஏற்றுக்கொண்டார்.

கிணற்றுக் கப்பியைக் கொட்டகை உத்திரத்தில் கட்டி, ஆலையின் சுமைதூக்கிகள் நால்வர் இழுக்க, எஞ்சின் வெளியே வந்தது. அதைப் பிரிக்கத் தொடங்கினார். கற்றுக்கொண்டு பிரித்தவர் அல்லர், பிரித்தபடியே கற்றுக்கொண்டவர். என்னை 'நீ' என்பார். எஞ்சினை 'அவுக' என்பார்.

"அவுகளுக்கு நேத்துலேருந்து உடம்பு சரியில்லப்பா. எண்ணெய் ஒத்துக்கிடல."

"இரும்புக்கு என்னண்ணே உடம்பு?"

"மெதுவாப் பேசு. காதுல விழுந்துறப் போகுது."

பிஸ்டன் நான்கும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஆனால் பல்லாண்டு ஓடித் தேய்ந்தபின், ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. வால்வுகள் எட்டும் அவ்வாறே. எது எவ்விடத்தது என்று தெரிய, பட்டறைக்காரர்கள் உளியால் கொத்தி அடையாளம் வைப்பார்கள். பிஸ்டனார் அதற்கு உடன்படவில்லை.

"அவுகளக் கொத்துறதா? ஒனக்குப் பச்சை குத்துனா வலிக்குமா, வலிக்காதா?"

வெற்றிலைச் சுண்ணாம்பை விரலில் தொட்டு, ஒவ்வொன்றின் மீதும் எண் எழுதினார்.

வினை பொங்கலுக்கு முதல்நாள் வந்தது. கார்பரேட்டரில் அடைத்திருந்த கசடு போக அதை வெந்நீரில் கொதிக்கவைக்க வேண்டியிருந்தது. அவர் மனைவி (நான் மதினி என்று அழைப்பேன்) மறுநாளைக்கென்று மஞ்சள் கொத்துக் கட்டி வைத்திருந்த புதுப்பானை, கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. பொங்கலன்று காலையில், பானைக்குள்ளிருந்து கார்பரேட்டரைக் கரண்டியால் எடுத்து வெளியே வைத்துவிட்டு, மதினி துணிமணிகளை மூட்டை கட்டினார்.

"சிங்கம்புணரிக்கு எங்க ஆத்தா வீட்டுக்குப் போறேன். இந்த வண்டி ஓடுற அன்னைக்கு அதுலயே வந்து கூப்பிடுங்க. பஸ்ஸுல வந்தீகன்னா நான் அங்க இல்லைன்னு வச்சுக்கங்க."

கோபத்தில் எந்த மனைவியும் சொல்வதுதான். நாலு நாள் கழித்துப் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவதும் எந்தக் கணவனும் செய்வதுதான். பிஸ்டனார் ஏறவில்லை.

"பஸ்ஸுல போனா என்னப்பா அர்த்தம்? அவுக ஓட மாட்டாகன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆகும்ல?"

சிங்கம்புணரி பஸ்ஸின் கண்டக்டர் மூலம் மதினி விசாரித்தார். "வண்டி என்னாச்சுன்னு கேக்கச் சொன்னாக." பிஸ்டனார் சொல்லியனுப்பும் விடை எப்போதும் ஒன்றே: "இன்னும் ரெண்டு வாரம்." கண்டக்டர், கேள்வியைக் கேட்காமலே விடையை எடுத்துச்செல்லும் அளவுக்குப் பழகிவிட்டார்.

ஆனால் ஓர் ஆவணி மாதத்தில் அந்த விடை மெய்யாகும் நிலை வந்தது. வால்வுகள் அனைத்தையும் அவற்றின் இருக்கைகளில் வைத்து இழைத்து முடித்திருந்தார். வெயிலும் மழையும் படாதிருக்கப் பாகங்களையெல்லாம் மாளிகையின் பெரிய கூடத்தில் வேட்டி விரித்து வரிசையாகப் பரப்பியிருந்தார். இனிப் பூட்ட வேண்டியதுதான். "வர்ற வெள்ளிக்கிழமை" என்று கண்டக்டரிடம் சொல்லியனுப்பிவிட்டு, பிஸ்டன் வளையம் வாங்க மதுரைக்குப் போனார்.

அன்றுதான் செட்டியார் வீட்டுத் திருமணக் கூட்டம், சொன்ன நாளுக்கு முன்பாகவே வந்து இறங்கியது. கல்யாணத்திற்கு அதே கூடத்தில்தான் பெண்ணுக்குரிய சீர்ச் சாமான்களைப் பரப்ப வேண்டும். செட்டியார் வீட்டு மூத்தவரான பெரிய ஆச்சி என்னை அழைத்தார்.

"இதுகள என்னப்பா செய்யிறது?"

நான் அப்போது என்னை ஒரு நகைச்சுவையாளன் என்று கருதிக்கொண்டிருந்தேன்.

"இதுவும் சீர்தான் ஆச்சி. புளி போட்டு நல்லாத் தேச்சு அடுக்குனீகன்னா அண்ணன் மனசு குளிர்ந்துரும்."

சொல்லிவிட்டு, நானே சிரித்துக்கொண்டு ஆலைக்குச் சென்றுவிட்டேன். ஆச்சி சிரிக்கவில்லை. எட்டுத் தலைமுறைப் பாத்திரங்களைத் தேய்த்துக் காத்த குடும்பத்துப் பெண்களிடம் தேய்ப்பதைப் பற்றி வேடிக்கை பேசலாகாது என்று எனக்குத் தெரியவில்லை. கிணற்றடியில் ஐந்து பெண்கள் அமர்ந்து, புளியும் செங்கல் பொடியும் கொண்டு எஞ்சின் முழுவதையும் தேய்த்துக் கழுவித் துடைத்து, உயரப்படி அடுக்கிவிட்டார்கள். பெரியதற்குள் சிறியதாக. சுண்ணாம்பு எண் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மென்மையான பேரிங்குகள் செங்கல் பொடியில் கீறிப் பாழாயின.

மாலையில் நான் ஆலையிலிருந்து திரும்பிய நேரம் பிஸ்டனாரும் வந்து நின்றார். ஆச்சி பெருமையோடு ஒரு பிஸ்டனைத் தூக்கிக் காட்டினார்.

"பாத்தீகளா, மூஞ்சி தெரியுது."

அவர் அதை வாங்கித் தம் முகத்தைப் பார்த்தார்.

"நல்லாத் தேச்சிருக்கீக ஆச்சி" என்றார்.

பிறகு கொட்டகைக்குப் போய், எஞ்சின் இல்லாத வேனில், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். இரு கைகளும் ஸ்டீயரிங்கின் மேல் இருந்தன. தேய்க்கச் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை. கல்யாண அமளியில் ஆச்சியும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த ஒன்றரை ஆண்டு, ஒவ்வொரு வால்வையும் எட்டு இடங்களிலும் வைத்துப் பார்த்தார். பேரிங்குக்காக ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். குற்றவுணர்ச்சியால் நானும் ஆலை விட்டதும் தினமும் போய் அவருக்கு எடுபிடியாக நின்றேன். "இம்புட்டு நல்ல பயலா நீ?" என்று வியந்தார். அந்தப் பாராட்டைக் கேட்டதும் நான், துடைத்த ஸ்பானரையே மறுபடியும் துடைத்தேன்.

கடைசியில் வேன் ஓடியது. சிங்கம்புணரிக்கு நானும் உடன் சென்றேன். வழியில் ஆறு இடங்களில் நின்று, ஆறு கண்மாய்களில் தண்ணீர் மொண்டு ஊற்றினோம். மதினி வாசலில் நின்று வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"அந்த ஆவணியில வெள்ளிக்கிழமைன்னு சொல்லிவிட்டீக. பூ வச்சுக்கிட்டு வெளக்கு வைக்கிற வரைக்கும் இங்கனயே நின்னேன். தெருவே சிரிச்சுச்சு."

நான் என் கால் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பேச வேண்டிய இடம் அதுதான்.

"என் தப்புத்தான் புள்ள" என்றார் பிஸ்டனார். "உளியால கொத்தியிருந்தா அழிஞ்சிருக்காது. சுண்ணாம்பு தண்ணிக்கு நிக்காதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்க வேணாமா?"

மதினி அவருடைய கைகளைப் பார்த்தார். நகக்கண்களெல்லாம் கறுத்திருந்தன.

"கையக் கழுவிட்டு வாங்க. தம்பி, நீங்களும் வாங்க, சாப்புடலாம்."

அதன்பின் அவ்விருவரும் அந்த வண்டியில் ஐந்து ஆண்டுகள் ஊர் சுற்றினார்கள். எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில், மார்வலி என்று படுத்த பிஸ்டனார் மீண்டும் எழவில்லை. அவர்களுக்கு வாய்த்த காலமே கொஞ்சம். அதில் ஒன்றரை ஆண்டை ஒரு வேடிக்கைப் பேச்சால் பறித்தவன் நான்.

சொல்லியிருக்கலாம். தினமும் அவர் பக்கத்தில்தான் குந்தியிருந்தேன். கோபித்துக்கொள்வார் என்று அஞ்சி வாயை மூடிக்கொண்டேன். இன்று யோசித்தால், அந்த மனிதருக்குக் கோபிக்கவே தெரியாது. "அட, விடுப்பா. அந்த ஸ்பானர இங்குட்டு எடு" என்று சொல்லிவிட்டுக் குனிந்திருப்பார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் வாயால் கேட்காமலே விட்டுவிட்டேன்.