முதல் ஓலையிலேயே நின்றுபோன கல்யாணம்

இயேசு மரி சூசை

பேராவூரணி,
18.8.1997

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் ஜோஸ்வா அவர்களுக்கு,

பெரியநாயகசாமி தோத்திரத்துடன் எழுதிக்கொண்டது. துபாயில் நீங்களும் குடும்பமும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அப்படி எழுத முடியவில்லை, மச்சான். நேற்று கோயிலில் நடந்ததை வேறு யாராவது உங்களுக்குப் போனில் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் பார்த்துக் கொடுத்த மாப்பிள்ளைக்கும் நம் பிள்ளை அமலிக்கும் நேற்றுப் பூசையில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள். மாப்பிள்ளைக்கு லீவு குறைவு என்று நான்தான் சாமியாரை விரட்டி விரட்டி இந்த வாரமே வாசிக்க வைத்தேன். மாப்பிள்ளையின் தகப்பனார் வலங்கைமானிலிருந்து வந்து, பட்டு வேட்டியோடு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். சாமியார் இரண்டு பேர் பெயரையும் வாசித்து, இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்றார். அதற்கு யாராவது பதில் சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? அந்த வரி வரும்போதுதான் ஊரே இருமும். நேற்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "தடை இருக்கு சாமி" என்றது. எந்த வீட்டுப் பெண்பிள்ளைக்கு இவ்வளவு துணிச்சல் என்று எல்லாரோடும் சேர்ந்து நானும் திரும்பிப் பார்த்தேன். உங்கள் தங்கை எல்சி! நான் தாலி கட்டிய எல்சி! முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிற்கிறாள். "யாருக்கும்மா தடை?" என்றார் சாமியார். "பொண்ணுக்குத்தான் சாமி. அவ வேணாங்கிறா. இவரு காதுலயே வாங்க மாட்டேங்கிறாரு" என்கிறாள்.

காதில் வாங்கவில்லையாம்! "அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்" என்று அமலி சொல்லத்தான் சொன்னாள். ஆனால் நான் வீடியோ கடை வைத்திருப்பவன் அல்லவா? என் கடையில் வாடகைக்குப் போகும் கேசட்டில் பாதி காதல் நகைச்சுவைப் படம். எந்தக் கதாநாயகி முதலிலேயே சரி என்று சொல்லியிருக்கிறாள்? முதல் பாதியில் வேண்டாம் என்பாள், இடைவேளை முடிந்ததும் வெட்கப்படுவாள். அந்தத் தைரியத்தில்தான் ஓலைக்குப் பெயர் கொடுத்தேன். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடமே எடுப்பேன், மச்சான். ஒரு காதல் படம் மற்ற படங்களுக்கு நடுவே தனித்து நிற்பது பாட்டாலும் இல்லை, வெளிநாட்டுப் பனிமலையாலும் இல்லை. இரண்டு பேர் ஓயாமல் சண்டை போட வேண்டும், அது காதல்தான் என்று பார்க்கிற நமக்கெல்லாம் தெரிய வேண்டும், கதைக்குள் ஒரு மண்டுவுக்கு மட்டும் தெரியக்கூடாது, அந்த மண்டு நல்லவனாகவும் இருக்க வேண்டும் என்பேன். அந்த மண்டு நான்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அமலி மனசில் இருக்கிற பையன் யார் என்று எல்சி சொன்னாள் தெரியுமா? தேங்காய் மண்டி ஜெரால்ட்! தினமும் வந்து கேசட் எடுப்பான், கெடு தாண்டிக் கொண்டுவருவான், உறைக்குள் மட்டை நார் வேறு கிடக்கும். கல்லாவில் இருக்கும் அமலி அவனை வாங்கு வாங்கென்று வாங்குவாள். என் பிள்ளைக்கு என்ன கண்டிப்பு என்று நான் உள்ளே டீ குடித்தபடி பூரித்துப்போவேன். பக்கத்தில் அத்தர் கடை வைத்திருக்கும் அதிராம்பட்டினத்து ஹாஜா மைதீனிடம் நேற்று அழாத குறையாக இதைச் சொன்னேன். அந்த மனிதர் கொஞ்சமாவது ஆச்சரியப்பட வேண்டாமா? "கடைத்தெரு முழுக்கத் தெரியுமேண்ணே. அந்தத் தம்பி வீட்டுல வீடியோ டெக்கே கிடையாது. உங்களுக்கு மட்டும் தெரியலங்கிறதுலதான் எங்களுக்கு சுவாரசியமே" என்கிறார்.

மாப்பிள்ளையின் தகப்பனார் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார். உங்கள் பேச்சை நம்பி வந்தவர். எல்சியோ ஒன்றுமே நடக்காதது போல மீன் குழம்பு கொதிக்க வைக்கிறாள். நீங்கள் உடனே லீவு போட்டு வந்து, உங்கள் தங்கையைக் கண்டித்து, வலங்கைமான்காரரைச் சமாதானப்படுத்தி, இரண்டாவது ஓலையாவது ஒழுங்காக வாசிக்க வழிசெய்ய வேண்டும். இந்த வீட்டில் என் சொல் இனி எடுபடாது. அந்தப் பாலைவன வெயிலிலும் மாதா உங்களைக் குளிர்ச்சியாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
நிலைகுலைந்து நிற்கும்
பெரியநாயகசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மனசு கேட்காமல் அமலியைக் கூப்பிட்டு, "அந்தத் தேங்காய்க்காரன்கிட்ட அப்படி என்னம்மா கண்ட?" என்று கேட்டேன். "நான் சொல்றத அவரு கேக்குறாருப்பா. திட்டினாக்கூட நின்னு கேட்டுட்டுத்தான் போவாரு" என்றாள். அதைக் கேட்டதும், மச்சான், அழுதுவிட்டேன். ஆகையால் நீங்கள் வந்து யாரையும் கண்டிக்க வேண்டாம். வலங்கைமானுக்கு நாளை நானே போய் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஜெரால்ட் வீட்டில் பேசி, சாமியாரிடம் அவன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை புது ஓலை. கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்துவிடுங்கள். உங்களுக்குத் தடை ஏதும் இருந்தால் எனக்கு எழுத வேண்டாம், உங்கள் தங்கைக்கு எழுதவும்.