வால் வெட்டிய லிங்க்

மச்சான் சுதேஷை இந்த மாதத்துக்குள் அவன் ஊரான பன்விலவுக்குப் பஸ் ஏற்றிவிடுவது என்று திவாகரன் முடிவெடுத்தார். ஏற்றுவது சுலபம். மனைவி சீதாவுக்குத் தெரியாமல் ஏற்றுவதுதான் கஷ்டம். சுதேஷ் அவள் கூடப் பிறந்த தம்பி.

கண்டியில் ஒரு நேர்முகத் தேர்வுக்கென்று ஒரு கிழமை தங்க வந்தவன். மூன்று மாதமாயிற்று. வேலையும் வரவில்லை, அவனும் போகவில்லை. திவாகரனின் கட்டுகஸ்தோட்டை வீட்டில் சாய்ந்து உட்கார நல்ல கதிரை அவனுக்கு. டீவி ரிமோட் அவனுக்கு. பொரித்த முட்டையும் அவனுக்கே.

கந்தோரில் கூட வேலை செய்யும் நண்பர் விவேகானந்தன் இரக்கப்பட்டு, இதற்கு வழி சொல்லும் சில லிங்க்குகள் அனுப்பினார். கூடவே எச்சரித்தார்.

“அப்பிடியே திறந்திடாதையும். பின்னால முழ நீளத்துக்கு வால் கிடக்கு. ஆர் அனுப்பினது, ஆர் பாத்தது எண்டு அதிலதான் பிடிக்கிறாங்கள்.”

“பிடிச்சா?”

“பிறகு வீட்டில இருக்கிற மற்றப் போனுக்கும் அதே விளம்பரம்தான் வரும்.”

மற்றப் போன் சீதாவுடையது.

அன்றே வால் வெட்டும் செயலி ஒன்றை இறக்கினார். லிங்க்கை ஒட்டினால், கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதை நறுக்கிவிடும். பாத்ரூமுக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, ஒவ்வொன்றாக வெட்டி வெட்டி வாசித்தார். நாலு நாள். சீதாவின் போன் சிணுங்கும்போதெல்லாம் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்தார்.

ஐந்தாம் நாள் அவளே கேட்டாள்.

“என்னாங்க, போனோட அப்பிடி என்னா குளிப்பு?”

“லிங்க் சுத்தம் பண்றேன். வால வெட்டிட்டா நம்மள யாரும் பின்தொடர ஏலாது.”

“அடேங்கப்பா! எனக்கும் ஒரு சேலை லிங்க் இருக்கு. குடுங்க, வெட்டிப் பாப்போம்.”

பெருமையில் கொடுத்துவிட்டார். அவள் விரல் ஒரு மூலையில் போய் நின்றது.

“‘முன்பு வெட்டியவை’ன்னு இருக்கே, இது என்னாங்க?”

அப்படி ஒரு பொத்தான் இருப்பதே அவருக்குத் தெரியாது. அவள் அழுத்திவிட்டாள். வால் போன லிங்க்குகள் தலைப்பு மட்டும் பளிச்சென்று தெரிய வரிசையாக நின்றன. சீதா ஆற அமர வாசித்தாள்.

“மைத்துனரை நாசூக்காக வழியனுப்ப ஏழு வழிகள். குறட்டை விடும் விருந்தாளி. மனைவி சந்தேகப்படாமல்...”

“அது... விவேகானந்தனுக்காக...”

“ஓ, அவரு வீட்டுலயும் மச்சான் இருக்காரா?”

“இருக்... இல்ல...”

சீதா போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஹோல் கதிரையில் இருந்த சுதேஷ் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“தம்பி, நீ கெளம்பிருவியோன்னு அத்தான் நாலு நாளா பாத்ரூம்ல ஒக்காந்து கவலப்படுறாரு. தீவாளி வரைக்கும் இருந்துட்டுப் போ!”