புகைவாங்கி அய்யாவின் இரண்டு டம்ளர்

அந்த வாரம் அச்சகங்கள் நிறைந்த திருத்தங்கலில் காலண்டர் ஆர்டரைவிட வேகமாகப் பரவியது ஒரே செய்திதான். காசிராஜன் என்கிற புகைவாங்கி அய்யா, பிள்ளைகளின் நெஞ்சில் படிந்த புகையை வெளியே வரவழைத்துக் கண்ணெதிரே காட்டுகிறாராம். விடியுமுன்னே கல்யாண மண்டபத்து வாசலில் கூட்டம். இருமுகிற பிள்ளைகளோடு ஆமத்தூரிலிருந்துகூட பஸ் ஏறி வந்திருந்தார்கள்.

வரிசையில் மூன்றாவதாக நின்றது நான்தான். ஷைலா, எம்.எஸ்சி., பி.எட். ஏழாம் வகுப்புக்கு அறிவியல் ஆசிரியை. மூடநம்பிக்கை பற்றிப் பள்ளி ஆண்டு மலரில் கட்டுரை எழுதியிருக்கிறேன். நல்ல கட்டுரை. யாராவது அதை எனக்கு வாசித்துக் காட்டியிருக்கலாம்.

என் மகள் ஆஷ்லினுக்கு எட்டு வயது. மூச்சிரைப்பு. தினம் இரண்டு வேளை இன்ஹேலர். எத்தனை நாளைக்கு என்று கேட்டால் டாக்டர், "பார்ப்போம்" என்பார். அய்யாவோ இருபத்தோரு நாள் என்று அடித்துச் சொன்னார். அடித்துச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை.

அவருடைய மேசையில் சிலுவை, விபூதித் தட்டு, பிறை எல்லாம் இருந்தன. யார் மனமும் கோணாத மேசை. ஆஷ்லின் ஒரு டம்ளரில் உறிஞ்சுகுழாய் வைத்து ஊதினாள். தெளிந்த தண்ணீர் பால்போல வெளுத்தது.

"பாத்தீகளா டீச்சர், எம்புட்டுப் புகைன்னு."

நான் அழுதேவிட்டேன். பிறகு கையில் கறுப்புக் கயிறு கட்டி, இரண்டாவது டம்ளரில் ஊதச் சொன்னார். தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

"கட்டுப்பட்டிருச்சு. இனி அந்த இழுக்கிற மருந்தைத் தொடக் கூடாது. தொட்டா கயித்துக்குச் சக்தி போயிரும்."

இன்ஹேலரை அலமாரி உச்சியில், பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

நாலாம் நாள் ஞாயிறு. ஆராதனைக்குப் போகாமல் மறுபடி மண்டபத்துக்குப் போனேன். மடியில் ஆஷ்லின் மூச்சுக்கு மூச்சு விலா எலும்பு தெரிய இழுத்துக்கொண்டிருந்தாள். அய்யா என்னை மேடைக்கு அழைத்து மைக்கைக் கொடுத்தார்.

"சயின்ஸ் டீச்சரே நம்புதாக, கேட்டுக்கோங்க."

"நல்ல முன்னேற்றம் தெரிகிறது" என்றேன். மிச்சத்தை ஆஷ்லினின் இருமல் விழுங்கிவிட்டது. ஆனாலும் கைதட்டினார்கள்.

அடுத்து, பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் குருவம்மாள் தன் மகனோடு வந்தாள்.

"அய்யா, எனக்கும் இருமல்தான். மொதல்ல எனக்குப் பாருங்க."

"இந்த டம்ளர்ல ஊதும்மா."

"அது வேண்டாம். கயிறு கட்டினப்புறம் ஒண்ணுல ஊதச் சொல்லுவீகள்ல, அதுல இப்பமே ஊதுறேன்."

"முறை மாறக் கூடாது."

"புகைக்கு முறையெல்லாம் தெரியுமா?" என்றவள் அதற்குள் ஊத ஆரம்பித்திருந்தாள். தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது.

"கயிறே கட்டலையே அய்யா. எம் புகை எங்கன போச்சு?"

தட்டிலிருந்த கயிறு ஒன்றைத் தானே எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு முதல் டம்ளரில் ஊதினாள். வெள்ளை.

"கயிறு கட்டுனதும்லா புகை வருது. ஒருவேளை கயித்துல இருக்கோ?"

கூட்டம் சிரித்தது. அய்யா சிரிக்கவில்லை. "பட்டாசு மருந்துல கிடக்கிற உடம்பு. அப்படித்தான் வரும்."

"சரி, நீங்க ஊதுங்க. உங்களுது சுத்தமான உடம்புல்லா."

அய்யாவுக்கு அப்போது பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது.

குருவம்மாள் முதல் டம்ளருக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தாள். "டீச்சர், வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைச்சு வச்சா மேல தெளிஞ்சு நிக்குமே, அந்தத் தண்ணி மாதிரில்லா வழுக்குது. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். சுவாசப் பாடம். போன மாதம்தான் நாற்பது பிள்ளைகளை ஊதவைத்தேன். யார் மூச்சுப் பட்டாலும் தெளிந்த சுண்ணாம்பு நீர் வெளுக்கும் என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டேன். வகுப்பில் அதற்குச் சோதனை என்று பெயர். சிலுவைக்குப் பக்கத்தில் வைத்ததும் எனக்கு அது அற்புதமாகிவிட்டது.

மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது.

"முதல் டம்ளரில் இருப்பது சுண்ணாம்புத் தண்ணீர். இரண்டாவது வெறும் தண்ணீர். நான் சொன்னது பொய். என் பிள்ளைக்கு முன்னேற்றம் எதுவும் இல்லை."

கூட்டம் மேடையை நோக்கி வந்தது. அய்யா சமையல்கட்டு வழியாக ஓடினார். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன்.

"டீச்சர், அத அப்புறம் பாக்கலாம்" என்று குருவம்மாள் என்னைப் பிடித்து இழுத்தாள். "பிள்ளைக்கு ஒதட்டைப் பாருங்க, நிறம் மாறுது."

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். ஆஷ்லின் முகத்தில் ஆவி மருந்து முகமூடியை மாட்டியபடி நர்ஸ் கேட்டார், "இன்ஹேலரை நிறுத்தச் சொன்னது யாரு? நீங்க என்ன வேலை பாக்கீக?"

முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன். இரண்டாவதற்குச் சொல்லவில்லை.

சாயங்காலம் அவள் மூச்சு சீரானது. இரவு அங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள். குருவம்மாளைப் பிள்ளை பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். என் கணவர் ஜெயசுந்தரின் அச்சகம் வீட்டுக்குப் பின்னால்தான். வழக்கம்போல லேமினேஷன் பிளாஸ்டிக் கழிவு, ஆஷ்லின் படுக்கும் ஜன்னலுக்குக் கீழே கறுகறுவென்று புகைவிட்டு எரிந்துகொண்டிருந்தது. இதற்காக அவரோடு பத்து வருஷமாகச் சண்டை போடுகிறேன். காயப்போட்ட துணியில் நாற்றம் ஏறுகிறது என்று. துணிக்காக.

இரண்டு வாளி தண்ணீரை அதன் மேல் கொட்டினேன்.

"என்ன ஷைலா, தெருவுல எல்லாரும் எரிக்கத்தானே செய்யுறாக?" என்றார்.

"ஆமா. மண்டபத்து வரிசையில நின்னதும் அதே எல்லாருந்தான்."

பிள்ளை நெஞ்சிலிருந்து புகையை எடுக்க விடியுமுன்னே வரிசையில் நின்ற எங்களில் ஒருவர்கூட, அதை உள்ளே அனுப்பியது யார் என்று கேட்கவில்லை. உங்கள் வீட்டில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதற்குக் கயிறும் வேண்டாம், எம்.எஸ்சி.யும் வேண்டாம்.